காதுக்கு ஏற்ற இன்-இயர்: சத்தமும் அடைபட வேண்டும், காதும் வலிக்கக் கூடாது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து வீட்டுப் புல் மெசின், கோயில் ஒலிபெருக்கி, எதிர்வீட்டுச் சேவல், சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. மழை பிடித்தால் தகரக் கூரையும் தன் பங்குக்குத் தொடங்கிவிடும். இதற்கு நடுவில் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையோ, இரவு ஷிப்ட் முடித்து வந்தவரோ, கீபோர்டு பழகுகிறவரோ ‘நல்ல இன்-இயர் எது?’ என்று தேடினால், பேஸ் எப்படி, ட்ரெபிள் எப்படி, உள்ளே எத்தனை டிரைவர் (ஒலி எழுப்பும் உறுப்பு) என்றுதான் பதில் வருகிறது. வெளிச்சத்தத்தை அடைப்பது டிரைவர் அல்ல, காதுத் துளையின் சுவரோடு ஒட்டி உட்காரும் அந்தச் சின்ன ரப்பர். அது உட்கார்ந்துவிட்டால் அறுபது வெள்ளி இன்-இயரே போதும். உட்காராவிட்டால் அறுநூறு வெள்ளியும் தண்டம்.

மேடைக் கலைஞர்கள் போடும் இன்-இயர் மானிட்டர், அதாவது ஐ.இ.எம்., இன்று பாட்டுக் கேட்பவர்கள் கைக்கும் வந்துவிட்டது. சாதாரண இயர்போன் காது வாசலில் தொங்கும். இது துளைக்குள் போய் அடைத்து உட்காரும், ஒயர் காதுக்கு மேலே சுற்றி வரும்.

முதலில், எந்தச் சத்தம்?

வாங்குவதற்கு முன் ஒரு நாள் காதைத் தீட்டிக் கேளுங்கள், உங்களைத் தொந்தரவு செய்வது எந்த வகைச் சத்தம் என்று. ரப்பர் வைத்து அடைப்பது கூர்மையான சத்தத்துக்கு நன்றாக வேலை செய்யும்: தகரத்தில் மழை, சேவல், பாத்திரம் உருளுவது, அடுத்த அறை டிவி, பேச்சின் ச, ஷ ஓசைகள். கனத்த தாழ்ந்த உறுமலுக்கு அதே அடைப்பு பாதி வேலைதான் செய்யும். ஈப்போ பஸ்ஸின் என்ஜின், கோயிலில் உறுமி மேளத்தின் ‘கும்’ இரண்டும் இந்த ரகம். உறுமி அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றால் அந்த அதிர்வு நெஞ்சிலேயே விழும், அதைக் காதில் எதைச் செருகியும் முழுக்க நிறுத்த முடியாது.

உங்கள் தொல்லை பஸ், விமானம், ஏர்கான் போன்ற ஒரே சீரான உறுமல் என்றால், சத்தத்தை மின்னணு முறையில் எதிர்த்து அழிக்கும் வயர்லெஸ் வகையைப் பாருங்கள். அது வலுவாக வேலை செய்வது சுமார் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். அதற்கு மேலே அதுவும் தன் ரப்பரைத்தான் நம்புகிறது. பேச்சும் மழையும் டிவியும்தான் தொல்லை என்றால் ஒயர் உள்ள இன்-இயரே மலிவு, சார்ஜும் வேண்டாம்.

எவ்வளவு அடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: வழக்கமான சிலிக்கான் ரப்பர் நன்றாகப் பொருந்தினால் 20 டெசிபலை ஒட்டிக் குறையும். மிக ஆழமாகப் போகும் மூன்றடுக்கு ரப்பரோடு வரும் தன் இன்-இயர்களுக்கு எடிமோட்டிக் நிறுவனம் 35 முதல் 42 டெசிபல் என்று சொல்கிறது. ஷூர் எஸ்.இ.215க்கு அதன் நிறுவனம் சொல்வது 37 டெசிபல் வரை. இவை சரியாகப் போட்டால் கிடைக்கும் உச்ச அளவுகள். அவசரத்தில் செருகினால் இதில் பாதி கிடைத்தாலே பெரிது.

படத்தைப் பார்த்தே தள்ளிவிட வேண்டியவை

ஷாப்பி, லாசாடா போன்ற இணையக் கடையில் வாங்கும்போது பொருளைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. ஆனால் படத்திலும் விவரத்திலும் நான்கு இடங்களைப் பார்த்தால் பாதித் தவறு அங்கேயே கழிந்துவிடும்.

முதல் இடம் மூக்கு. ரப்பர் மாட்டும் குழாயைத்தான் மூக்கு என்கிறோம். பெரும்பாலானவை 5 முதல் 6 மில்லிமீட்டர் விட்டம். 6ஐத் தாண்டினால் சின்னக் காதுள்ளவர்கள் யோசிக்க வேண்டும். ட்ரூத்இயர் ஸீரோ என்ற இன்-இயர் ஒலிக்குப் பெயர் எடுத்தது, கூடவே ‘மூக்கு தடிப்பு, காது வலிக்கிறது’ என்ற புகாருக்கும் பெயர் எடுத்தது. மூக்கு தடிப்பாக இருந்தால் எவ்வளவு சின்ன ரப்பர் போட்டாலும் பயனில்லை, ரப்பருக்குள் இருக்கும் குழாயே துளைச் சுவரை அமுக்கும். ஷூர், வெஸ்டோன், எடிமோட்டிக் ஆகியவற்றின் மூக்கு மெலிது, 3 மில்லிமீட்டரை ஒட்டியது. அதனால்தான் அவை ஆழமாகப் போகின்றன. இந்த மெலிந்த மூக்குக்கு வேறு அளவு ரப்பர் என்பதை நினைவில் வையுங்கள். தடித்த மூக்குக்கு வாங்கிய பாக்கெட் மெலிந்ததில் தொளதொளவென்று கழன்று காதுக்குள்ளேயே தங்கிவிடும். அப்படித் தங்கினால் ஊக்கு, கொண்டை ஊசி வைத்துக் கிளறாமல் நேரே கிளினிக்குக்குப் போங்கள்.

இரண்டாவது, காற்றுத் துளை. டைனமிக் டிரைவர் (சின்ன ஸ்பீக்கர் போலத் தகடு அதிர்ந்து ஒலி எழுப்பும் வகை) உள்ளவற்றின் உடலில் ஊசி முனை அளவில் ஒன்றிரண்டு துளைகள் இருக்கும். உள்ளே அழுத்தம் ஏறாமல் இருக்க அவை தேவை. ஆனால் அந்த வழியாகக் கொஞ்சம் வெளிச்சத்தம் உள்ளே வரும். பெரிய சல்லடை போலத் திறந்திருந்தால், அடைப்புக்காக வாங்குபவர் அதைத் தொட வேண்டாம். பேலன்ஸ்ட் ஆர்மேச்சர் என்ற இன்னொரு டிரைவர் வகை மட்டும் உள்ளவற்றை முழுக்க மூடிச் செய்யலாம், அடைப்பும் கூடும். அதில் சிலருக்கு, காதுக்குள் அழுத்தும்போது ‘அடைத்த மாதிரி’ ஒரு கனம் தெரியும். எது தொல்லை குறைவு என்பது அவரவர் காதைப் பொறுத்தது.

மூன்றாவது, உடலின் பருமன். பத்துப் பன்னிரண்டு டிரைவர் என்று விளம்பரம் செய்வதெல்லாம் பெரிய உடல். அது காது மடலின் குழிக்குள் அடங்காமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், அதன் கனம் மூக்கை மெல்ல வெளியே இழுக்கும். முதல் தடவை வாங்குபவர் ஒற்றை டிரைவரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மூன்ட்ராப் சூ 2, செவன்ஹெர்ட்ஸ் ஸீரோ 2 போன்றவை நூறு வெள்ளியை ஒட்டிக் கிடைக்கின்றன, உடலும் சிறியது. பக்கவாட்டில் படுத்துத் தூங்கப் போகிறவர்களுக்கு, உடல் மடலுக்கு வெளியே ஒரு நூல் துருத்தினாலும் தலையணை அதைக் குத்திவிடும்.

நான்காவது ஒயர். கழற்றி மாட்டுவதாக இருக்கட்டும். ஏனென்றால் இன்-இயரில் முதலில் சாவது ஒயர்தான். 0.78 மில்லிமீட்டர் இரண்டு பின், எம்.எம்.சி.எக்ஸ். என்று இரண்டு வகை இணைப்பு பரவலாக உண்டு. எம்.எம்.சி.எக்ஸ். சுழலும், நாள்பட்டால் தளர்ந்து கரகரக்கும். இரண்டு பின் சுழலாது, ஆனால் சாய்த்துப் பிடுங்கினால் பின் வளையும். கைப்பேசியில் ஒயர் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லையென்றால் டி.ஏ.சி. (டிஜிட்டல் தரவை ஒலி மின்சாரமாக மாற்றும் சில்லு) உள்ள யூ.எஸ்.பி. சி மாற்றி ஒன்று வேண்டும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஐந்து வெள்ளிக்குக் கிடைப்பவற்றில் சிலவற்றுக்குள் டி.ஏ.சி. இருக்காது, பல கைப்பேசிகளில் சத்தமே வராது.

காதின் உள்ளே

பெரியவர்களின் காதுத் துளை சுமார் 25 மில்லிமீட்டர் நீளம். நேரான குழாய் இல்லை, இரண்டு வளைவு உண்டு. வெளியே சுமார் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, உள்ளே மீதி எலும்பு. வாயைத் திறந்து மூடும்போது அசைவது அந்த வெளிப்பகுதி. ரப்பர் பெரும்பாலும் அந்த அசையும் பகுதியில்தான் உட்காருகிறது. அதனால்தான் சாப்பிடும்போது கழல்கிறது.

இடது காதும் வலது காதும் ஒரே அளவு என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஒரு காதுக்கு எம், மறு காதுக்கு எஸ் என்று போடுவது சாதாரணம். பெட்டியில் வந்த எம் ரப்பரை அப்படியே மாட்டிக்கொண்டு ‘இதில் பேஸ் இல்லை’ என்று விற்றுவிடுகிறவர்கள் ஏராளம்.

செருகும் முறை, அவசரம் வேண்டாம்

சிலிக்கானுக்கு இப்படி: வலது காதுக்கு, இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலின் மேல்பாகத்தைப் பிடித்து மேலேயும் பின்னாலேயும் இழுங்கள். வளைவு நிமிரும். வாயை லேசாகத் திறந்துகொண்டு, வலது கையால் இன்-இயரை மூக்கு சற்று முன்பக்கம் பார்க்கும்படி வைத்து, திருகிக்கொண்டே உள்ளே விடுங்கள். மடலை விடுங்கள். ஒயரை மேலே சுற்றிப் பின்னால் போட்டு, கழுத்தடியில் இருக்கும் சின்ன வளையத்தை இழுத்து இறுக்குங்கள். இந்த வளையத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அது இறுகியிருந்தால் ஒயர் சட்டையில் உரசும் டக் டக் ஓசை பெரும்பாலும் போய்விடும்.

ஃபோம் டிப்புக்கு (அமுக்கினால் சுருங்கி, மெல்ல விரியும் பஞ்சு போன்ற ரப்பர்): உலர்ந்த விரலால் பீடி சுருட்டுவது போல் உருட்டி மெலிதாக்குங்கள், மடிப்பு விழாமல். உடனே செருகி, விரலை எடுக்காமல் 15 முதல் 30 விநாடி அப்படியே பிடித்திருங்கள். அது விரிந்து சுவரை நிரப்பும்வரை கையை எடுத்தால் வெளியே தள்ளிவிடும். ‘ஃபோம் வாங்கினேன், வேலை செய்யவில்லை’ என்பதற்குப் பெரும்பாலும் இந்த அரை நிமிடம்தான் காரணம்.

‘ம்ம்ம்’ சோதனை

சரியாக அடைத்ததா என்று பார்க்கப் பாட்டே வேண்டாம். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று ஐந்து விநாடி முனகுங்கள். அடைபட்ட காதில் உங்கள் குரல் தலைக்குள்ளிருந்து வருவது போலப் பெரிதாகக் கேட்கும். எலும்பு வழியே வரும் ஓசை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே முட்டுவதுதான் காரணம். இரண்டு காதிலும் சமமாக முழங்கினால் இரண்டும் அடைந்துவிட்டன. முனகல் இடப்பக்கம் சாய்ந்தால் இடது அடைந்திருக்கிறது, வலது ஒழுகுகிறது. உடனே வலதுக்கு ஓர் அளவு கூட்டியோ குறைத்தோ மாற்றி மறுபடி முனகுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அடுத்தது அசைவுச் சோதனை. போட்டுக்கொண்டே ஒரு முறுக்கைக் கடித்துத் தின்னுங்கள். மெல்லும் ஓசை மண்டைக்குள் இடிப்பது இயல்பு. பார்க்க வேண்டியது தின்று முடித்தபின் ‘ம்ம்ம்’ இன்னும் இரண்டு பக்கமும் சமமா என்பது. சாய்ந்துவிட்டால் அந்த ரப்பர் சின்னது, அல்லது குட்டை.

மூன்றாவது சோதனைக்கு நேரம்தான் வேண்டும். குறைந்தது 40 நிமிடம் கழற்றாமல் இருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாமே சுகம். இருபதாவது நிமிடத்துக்கு மேல்தான் வலி தன் இடத்தைக் காட்டும். அந்த இடம் எது என்பதுதான் மருந்தைச் சொல்லும்:

துளை வாசலைச் சுற்றி வளையமாக வலித்தால் ரப்பர் பெரிது, அல்லது மூக்கு தடிப்பு. ஓர் அளவு குறைத்தும் அதே வலி என்றால் தவறு ரப்பரில் இல்லை, மூக்கில். அந்த இன்-இயரே உங்களுக்கு ஆகாது. மடல் குழியின் மேல் மூலையில் ஒரே புள்ளியாகக் குத்தினால் உடலின் விளிம்பு இடிக்கிறது. நீளமான ரப்பர் போட்டு உடலைக் கொஞ்சம் வெளியே நகர்த்திப் பார்க்கலாம். காதுக்குப் பின்னால், மேலே எரிந்தால் ஒயரின் வளைந்த கொக்கி. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியை முதலில் மாட்டி ஒயரை அதற்கு வெளியே விட்டால் அழுத்தம் குறையும். விசேஷத்துக்கு மாட்டல் போட்டுக்கொண்டு மேடையில் பாடும் பெண்களுக்குக் கொக்கியும் மாட்டலும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். அன்றைக்குக் கொக்கி இல்லாத மெல்லிய ஒயரை மாட்டுங்கள்.

செருகும்போது ‘கிறுக்’ என்று மடங்கும் ஓசை வந்தால் டிரைவர் தகடு காற்றழுத்தத்தில் வளைகிறது. மெதுவாகச் செருகினால் குறையும். வலி இல்லை, அரிப்பு மட்டும் என்றால் ஈரம்தான் முதல் சந்தேகம். அதற்குப் பிறகு வருவோம்.

எந்த ரப்பர்?

ரப்பர் பெரிதாக இருந்தால் நன்றாக அடைக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அளவு மிஞ்சிய ரப்பர் துளைக்குள் சுருங்கும்போது ஒரு மடிப்பு விழும், அந்த மடிப்பு ஒரு வாய்க்கால். சத்தம் அதன் வழியே தாராளமாக உள்ளே வரும், பேஸ் வெளியே போகும். அதனால் வலியும் இருக்கும், அடைப்பும் இருக்காது. வலி இல்லாமல் பேஸும் இல்லையென்றால் ரப்பர் சிறிது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெட்டியில் வரும் மூன்று அளவும் பொருந்தவில்லை என்றால் புதிய இன்-இயருக்கு ஓடுவதற்கு முன் தனி ரப்பர் வாங்குங்கள். பைனல் டைப் இ ஐந்து அளவில் வருகிறது. எஸ்ஸுக்கும் எம்முக்கும் நடுவில் தவிப்பவர்களுக்கு இப்படி ஒரு செட் போதும். ஸ்பின்ஃபிட்டின் தலை கொஞ்சம் அசைந்து கொடுக்கும், துளையின் வளைவு கூர்மையாக உள்ளவர்களுக்கு இது வசதி. ஃபோமில் கம்ப்ளை பெயர் பெற்றது. அடைப்பு கூடும், கூர்மையான ஒலி கொஞ்சம் மழுங்கும், சில மாதத்தில் தேயும். மூன்றடுக்கு ரப்பர் நன்றாக அடைக்கும், எல்லோரும் சகிக்க மாட்டார்கள். முதல் வாரம் பழகவே போய்விடும்.

பட்ஜெட் 150 வெள்ளி என்றால் நூறை இன்-இயருக்கும் ஐம்பதை ரப்பருக்கும் பிரியுங்கள். முழுதையும் இன்-இயரில் போடுவதைவிட இது நிச்சயம் மேல்.

காதில் போட்ட பொருள் என்பதால் திறந்தபின் திரும்ப எடுக்க மறுக்கும் விற்பனையாளர் பலர். பணம் கட்டுவதற்கு முன் அதைச் சாட்டில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் போகிற வேலை இருந்தால் மின்னணுக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசா பக்கம் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் ரப்பரையும் ஆல்கஹால் துடைப்பானையும் கூடக் கொண்டுபோங்கள். எத்தனை காது அதில் ஏறி இறங்கியதோ.

மேடைக்கு என்றால்

கல்யாண மண்டபத்தில், கோயில் திருவிழாவில் வாசிக்கிறவர்கள் செய்யும் பெரிய தவறு, கூட்டத்தின் ஓசை கேட்கவில்லை என்று ஒரு பக்கத்தைக் கழற்றித் தொங்கவிடுவது. திறந்த காதில் ட்ரம்மும் ஸ்பீக்கரும் முழுசாகத் தாக்கும். மற்றக் காதில் தன் கீபோர்டு தனியாகச் சிறுத்துக் கேட்பதால் வால்யூமைக் கூட்டுவார்கள். இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் சேதம். கூட்டத்தின் ஓசை வேண்டுமென்றால் மேடை ஓரத்தில் ஒரு மைக் வைத்து அதையும் மிக்ஸரிலிருந்து இன்-இயருக்குக் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். பெல்ட் பேக்கில் (இடுப்பில் மாட்டும் ரிசீவர்) லிமிட்டர் (சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுப்பது) இருந்தால் அது போட்டே இருக்கட்டும். யாராவது கேபிளைப் பிடுங்கினால் வரும் ‘டமார்’ காதுக்குள்ளேயே வெடிக்கும்.

வாரம் இரண்டு மூன்று நிகழ்ச்சி என்றால் காது அச்செடுத்துச் செய்யும் வகைக்குச் செலவழிக்கலாம். அச்சு எடுப்பதற்கு முன் காதுக்குள் அழுக்கோ செவிப்பறையில் ஓட்டையோ இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பார்க்காமல் எடுக்கிறவரிடம் காதைக் கொடுக்காதீர்கள். உள்ளே நூல் கட்டிய ஒரு பஞ்சுத் தடுப்பு வைத்து, இரண்டாவது வளைவையும் தாண்டும்படி சிலிக்கான் ஊற்றுவார்கள். பாடகர் என்றால் பல்லுக்கு நடுவில் கட்டை வைத்து வாயைத் திறந்தபடி எடுக்கச் சொல்லுங்கள். மூடிய வாயோடு எடுத்த அச்சு, பாட வாய் திறந்ததும் ஒழுகும்.

சத்த அளவும் எங்கே போடக்கூடாது என்பதும்

நன்றாக அடைப்பதன் உண்மையான லாபம் வால்யூமைக் குறைக்கலாம் என்பதுதான். பணியிடக் கணக்கில் 85 டெசிபலுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதி: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரு மணி, 100க்குக் கால் மணி. பஸ்ஸில் என்ஜினை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றுகிறவர் இந்தப் படியில் தெரியாமலே இரண்டு மூன்று ஏறிவிடுகிறார்.

செம்பனை ஆலையில், புல் மெசினில், லோரிப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் இன்-இயரைப் பாதுகாப்புக் கருவி என்று எண்ண வேண்டாம். மலேசியாவில் 2019 ஜூன் முதல் நடப்பில் உள்ள சத்த விதிகள் பணியிட வரம்பை 85 டெசிபல் என்று வைத்திருக்கின்றன. அங்கே போட வேண்டியது அங்கீகரித்த காதடைப்பான். அதைக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. குலை வெட்டும் இடத்தில் இன்-இயர் வேண்டவே வேண்டாம். இருபது கிலோ குலை விழும்போது ‘ஓய்!’ என்ற கத்தல்தான் உயிரைக் காப்பாற்றும். மோட்டார் சைக்கிளிலும் அப்படியே.

ஈரத்தோடு ஒரு தீராத சண்டை

நம் ஊர்க் காற்றில் எதுவும் தானாகக் காயாது. குளித்த கையோடு செருகினால் தண்ணீர் உள்ளேயே அடைபடும், பூஞ்சை பிடிக்க அதுவே போதும். குளித்து அரை மணி நேரமாவது விடுங்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தவர்கள் அன்றைக்கு ஃபோமைத் தொடாதீர்கள், எண்ணெய் அதை ஊறவைத்துக் கெடுக்கும். சிலிக்கானும் எண்ணெய்க் காதில் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அரிப்போ நீர் வடிவதோ இருந்தால் சரியாகும்வரை எதுவும் செருகக்கூடாது. பஞ்சுக் குச்சியும் சேர்த்துத்தான். அது அழுக்கை உள்ளேதான் தள்ளும்.

சிலிக்கான் ரப்பரை வாரம் ஒரு முறை கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் கழுவி, முழுக்க உலர்த்தி மாட்டுங்கள். ஃபோமை நனைக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். இன்-இயரை ஒரு சின்ன டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். மோட்டார் சீட்டுக்கு அடியில் வெயிலில் விடாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்துவிட்டால் உடனே செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். முதலில் ரப்பரைக் கழற்றி மூக்கின் நுனியில் உள்ள வலையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். காதழுக்கோ வியர்வைத் துளியோ அடைத்திருந்தால், அந்த நுனி கீழே பார்க்கும்படி பிடித்து உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். மேலே பார்க்கப் பிடித்தால் அழுக்கு உள்ளே விழும். வலை சுத்தமாக இருந்தும் குறைவு தொடர்ந்தால் இடது ஒயரை வலது உடலிலும் வலது ஒயரை இடது உடலிலும் மாற்றி மாட்டுங்கள். குறைவு மறுபக்கத்துக்குப் போய்விட்டால் ஒயர்தான் போயிருக்கிறது, முப்பது நாற்பது வெள்ளியில் முடியும். ஒயரை மாற்றியும் அதே உடலில் நின்றால் மட்டுமே டிரைவரைச் சந்தேகப்படுங்கள். அதற்கும் முன், ஓர் இரவு முழுக்க சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு வைத்து மறுநாள் காலையில் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். ஈரம் ஏறியதுதான் காரணம் என்றால் பெரும்பாலும் அதுவே சரியாகிவிடும்.